விசிறி நிற்கும் நேரம்

அன்புள்ள மருமகளுக்கு,

தாய்மாமன் நலம். உன் நலத்தை நீ எழுதாவிட்டாலும் நானே நல்லபடியாகக் கற்பனை செய்துகொள்கிறேன், வேறு வழியில்லை.

முதலில் ஒரு பிரகடனம். இதற்குக் கீழே நான் எழுதப்போகும் கதையை உலகத்தில் ஒருவரும் நம்பப்போவதில்லை. தபால்காரர் உறையைக் கையில் வாங்கும்போதே முகத்தைச் சுளிப்பார். நீ படித்து முடித்ததும், மாமாவுக்கு முற்றிவிட்டது என்று சொல்ல உன் அம்மாவுக்குப் போன் போடத் தோன்றும். போடாதே. போனில் சொல்ல முடியாத விஷயம் என்பதால்தான் இத்தனை வருடம் கழித்துப் பேனா தேடி எடுத்தேன். நான் எங்கிருந்து பேசினாலும் அவளுக்குக் கேட்டுவிடும் போலிருக்கிறது. அவள் காது இப்போது எப்படி வேலை செய்கிறது என்பதைத்தான் சொல்ல வருகிறேன். மோட்டார்களுக்குச் செப்புக் கம்பிக் காயில் கட்டிக் கட்டி மரத்துப்போன என் பத்து விரல்கள்மீதும் ஆணையிட்டுச் சொல்கிறேன், எழுதப்போவது அத்தனையும் நடந்தது. நீ நம்பாதது உன் இஷ்டம்.

நீ பாகம் பாகமாக வாங்கி அனுப்பிய கம்ப்யூட்டரை நான்தான் பூட்டினேன். கடையில் கொடுத்துப் பூட்டச் சொல்லுங்க மாமா என்று நீ சொன்னது என் காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் பலன் ஒன்றுதான். கிணற்று மோட்டார் முதல் மாவு மில் மோட்டார் வரை செத்துக் கிடந்த ஆயிரக்கணக்கான ஜீவன்களுக்கு மூச்சு கொடுத்த கை இது. ஒரு தகரப் பெட்டிக்காக அடுத்தவனிடம் போய் நிற்குமா?

பூட்டினேன். ஓடியது. ஓடிய வேகத்தில் சுட்டது. சாதாரணச் சூடு என்று நினைக்காதே. சுவரில் இருந்த பல்லி வாலைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டைக் காலி செய்தது. ஜன்னலில் வந்து உட்கார்ந்த காகம் பொசுங்கிய வாடையோடு பறந்தது. பக்கத்துத் தெருவில் ஈரத்துணி வைத்திருந்தவர்கள் எல்லாம் என்னை வாழ்த்தினார்கள். பிறகு டப்பென்று ஒரு சத்தம்கூட இல்லாமல் திரை கறுத்து, பெட்டி தானாக நின்றது. உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் காகத்தைப் பார்த்தேன்.

சிரிக்காதே. உனக்கும் உன் அம்மாவுக்கும் நடந்த ஒப்பந்தத்துக்கு நான் சாட்சி. போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் உட்கார்ந்திருந்தவன். ஸ்டூடியோக்காரர் கொடுக்கிற பழைய, கிழிந்த போட்டோக்களை அவள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் சரிசெய்து தர வேண்டும். மழைக்காலம் தொடங்குவதற்குள் அந்த வேலை நிலைத்துவிட்டால் அவள் அந்த வீட்டிலேயே இருக்கலாம். நிலைக்காவிட்டால் நீ வந்து வீட்டைக் காலி செய்து, அவளை உன்னோடு அழைத்துப் போய்விடுவாய். அவள் சரி என்றாள். அவள் அவ்வளவு சுலபமாக எதற்கும் சரி சொல்லி நான் பார்த்ததில்லை. ஆக, அந்தப் பெட்டி நின்றால் வீடும் போயிற்று என்று அர்த்தம். அதனால்தான் நான் வேலையைப் போட்டுவிட்டு அங்கேயே பழியாகக் கிடந்தேன்.

பெட்டிக்குள் நடுநாயகமாக ஒரு சின்னச் சதுர வில்லை இருக்கிறது. பிராசசர். யோசிப்பது அதன் வேலை. யோசித்தால் சூடாகிவிடும், நம் வீட்டு ஆண்களைப் போலவே. அதன் தலைமேல் அலுமினியத் தகடுகளாலான ஒரு கூடு, கூட்டின் மேல் ஒரு விசிறி. வில்லைக்கும் கூட்டுக்கும் நடுவில் காற்று புகாமல் இருக்க ஒரு பசை தடவ வேண்டும். நீ அனுப்பிய பசைக் குழாயைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. எறும்புக்குக் கண்மை இடக்கூடக் காணாது. இவ்வளவு பெரிய இயந்திரத்துக்கு இதுதான் மரியாதையா என்று என் கடையிலிருந்து பேரிங் கிரீஸ் டப்பாவைக் கொண்டுவந்து, கையால் அள்ளி, மனம் குளிரத் தடவிவிட்டேன்.

கடைவீதியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஆள் ஒருவர் உண்டு. எதைக் கொண்டுபோனாலும் சரிபண்ணிடலாம், சரிபண்ணிடலாம் என்பதால் ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது. அந்தச் சரிபண்ணிடலாமே பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்ப மூடப் போனார். "அண்ணே, இது பிராசசர். வண்டி அச்சு இல்ல" என்றார். அண்ணன் என்று கூப்பிட்டுக்கொண்டே அடிக்கிறாயே என்றேன். "கிரீஸ் உருகி வழிஞ்சிருக்கு பாருங்க. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா தாளிச்சே இருக்கலாம்" என்றார். பிறகு என் தோளில் சாய்ந்து அரைமணி நேரம் கண்ணீர் விட்டார். எல்லாவற்றையும் துடைத்து, உன் குழாயிலிருந்து பட்டாணி அளவு பசை வைத்து, கூட்டைத் திரும்பப் பூட்டிக் கொடுத்தார். பெட்டி பனிக்கட்டி போல ஓடியது. வெற்றி, வெற்றி என்று உனக்குப் போனில் சொன்னது அன்றைக்குத்தான்.

அடுத்த நாளே மறுபடி நின்றது.

இங்கிருந்துதான் கதை ஒரு மாதிரியாகப் போகிறது. நான் பக்கத்தில் இருந்தால் பெட்டி சுடுவதில்லை. மத்தியானம் முழுக்க நாற்காலி போட்டு, திரையில் சூட்டைக் காட்டும் எண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அசையாது. நான் கடைக்குப் போய் ஷட்டரைத் தூக்குவேன், போன் வரும். "நின்னுடுச்சுடா" என்பாள். ஓடி வந்து சுவிட்சைப் போட்டுப் பார்த்தால் விசிறி ஒழுங்காகச் சுற்றும், பசை ஒழுங்காக இருக்கும், அலுமினியக் கூடு மட்டும் கை வைக்க முடியாதபடி கொதிக்கும்.

அப்போது அவள் ஒரு கல்யாணப் போட்டோவைச் சரிசெய்துகொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் முகத்தில் பாதியைப் பூச்சி அரித்திருந்தது. பெட்டி நின்று நின்று ஓடியதில் அந்த மனிதர் பல நாட்கள் ஒற்றைக் கண்ணோடுதான் இருந்தார். ஒவ்வொரு முறை நான் சுவிட்சைப் போடும்போதும் இருட்டிலிருந்து அந்த ஒரு கண் முதலில் வரும். யாரென்றே தெரியாத ஆள், என்றைக்கோ செத்திருப்பார். ஆனாலும் என்னை அடையாளம் தெரிந்த மாதிரி பார்த்தார்.

அந்த முன்னறையை நீ பார்த்து நாளாகிறது. மேசை, பெட்டி, திரை எல்லாம் சுவரோரமாக. அதற்கு எதிரே உன் அப்பா படுத்திருந்த அறை. கட்டில் விரிப்பு மாறவில்லை. ஆக்சிஜன் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. அது நின்ற இடத்தில் தரையில் ஒரு துரு வளையம் இருக்கிறது, எவ்வளவு தேய்த்தும் போகவில்லையாம். அவள் தேய்த்தாளா என்பது சந்தேகம். கதவு எப்போதும் ஒரு சாண் திறந்தே இருக்கும். சாத்தவும் மாட்டாள், முழுக்கத் திறக்கவும் மாட்டாள்.

பேசிக்கொண்டே இருப்பாள், நடுவில் நின்றுவிடுவாள். தலை அந்தக் கதவுப் பக்கம் லேசாகச் சாயும். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வாள், தான் நின்றதே தெரியாமல். ஒருநாள் நான் என் வழக்கப்படி தெருவே அதிரத் தும்மினேன். உதட்டில் விரலை வைத்து என்னை அதட்டினாள். பட்டப்பகல். வீட்டில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை.

இன்னொன்றும் கவனித்தேன். எதை அரைப்பதானாலும் கல்லில் வைத்துக் கையால் இடிக்கிறாள். மிக்ஸி என்ன ஆச்சு என்றேன். ரிப்பேர் என்றாள். மோட்டார்காரன் தம்பி வாசலில் நிற்கும்போது வீட்டில் மிக்ஸி ரிப்பேரா, என் தொழில் தர்மம் என்னாவது என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அலமாரியிலிருந்து எடுத்து மாட்டிச் சுவிட்சைப் போட்டேன். பம்பரமாகச் சுற்றியது. "நிறுத்துடா" என்று ஒரு குரல் வந்தது பார், சின்ன வயதில் என்னைக் கிணற்று மேட்டில் பார்த்தபோது போட்ட குரல் அது. நிறுத்தினேன். அவள் அடுப்படியை விட்டு வெளியே போய் அந்தக் கதவருகே நின்றாள். நான் மிக்ஸியைத் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்தேன்.

எனக்கு அப்போது ஒரே ஒரு முடிவுதான் தோன்றியது. அத்தான் வந்துவிட்டார். உன் அப்பா என் வேலையை என்றைக்கு நம்பினார்? நான் மாட்டிய பல்பைக்கூட ஒருமுறை கழற்றிப் பார்த்து மாட்டுவார். "தம்பி முடுக்கினதா? எதுக்கும் நான் ஒரு தடவை பாத்துடறேன்" என்பார். மனிதர் போன பிறகும் குணம் போகவில்லை, நான் கிளம்பியதும் எழுந்து வந்து பெட்டியைச் சோதிக்கிறார் என்று கடையில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். சிரித்தேனே தவிர, அதன்பிறகு அந்த வீட்டுக்குப் போனால் கதவுக்கு முதுகு காட்டி உட்கார்வதை விட்டுவிட்டேன்.

பேயானாலும் தொழில்முறை என்று ஒன்று இருக்கிறது. எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. மோட்டாரைப் பூட்டி அனுப்பும்போது போல்ட்டின் தலையிலிருந்து உடம்பு வரை ஒரு கோடு பெயிண்ட் இழுத்துவிடுவோம். வாங்கிப் போன ஆள் தானே திறந்து நோண்டிவிட்டு நம்மிடம் சண்டைக்கு வந்தால், கோடு உடைந்திருப்பதைக் காட்டலாம். ஒருநாள் காலையில் பெட்டியின் மூடியைக் கையால் தள்ளித் திறந்து (அதற்குத் திருகாணி கிடையாது), உள்ளே கழற்றக்கூடிய இடமெல்லாம் அப்படிச் சிவப்புக் கோடு இழுத்தேன். திருகாணி ஒவ்வொன்றிலும், விசிறியின் ஒயர் போர்டில் செருகும் இடத்திலும். அவள் குளிக்கப் போயிருந்தாள், பார்க்கவில்லை. சாயங்காலம் போன் வந்தது. நின்றுவிட்டது.

போனேன். உட்காருடா, டீ போட்டுத் தர்றேன் என்றாள். டீ வந்தது. தம்ளரைப் பிடித்திருந்த கையில் கட்டைவிரல் நகம் ஓரமாகச் சிவப்பு.

பெட்டியைத் திறந்து பார்க்கவே வேண்டியிருக்கவில்லை, ஆனாலும் பார்த்தேன். விசிறி ஒயர் செருகுமிடத்தில் கோடு உடைந்து இழுபட்டிருந்தது. மற்றதெல்லாம் நான் இழுத்தபடியே. அந்த ஒயரை அவளுக்குக் காட்டிக் கொடுத்ததும் நான்தான். பெட்டியை ஓடவிட்ட அன்று, பெரிய பேராசிரியர் போல, இதைப் பிடுங்கினால் விசிறி நின்றுவிடும், ஜாக்கிரதை என்று பாடம் நடத்தியிருந்தேன்.

கோபப்படலாம் என்றுதான் திரும்பினேன். நீ இங்கேயே இருக்கணும் என்றுதானே நான் கடையைப் பூட்டிவிட்டு அலைகிறேன், உனக்கே இருக்கப் பிடிக்கவில்லை என்றால் நேராக உன் மகளிடம் சொல்லிவிடேன் என்று கேட்டேவிட்டேன். அவள் நகத்தை முந்தானையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். "இருக்கணும்னுதான்டா" என்றாள். "அது சுத்துற சத்தத்துல அந்தப் பக்கம் ஒண்ணும் கேக்க மாட்டேங்குது. ஒரே ஒரு தடவை கேட்டுட்டு மறுபடி மாட்டிடலாம்னுதான் பிடுங்குவேன். கேட்டுட்டு வேலையில உக்காந்துடுவேன். மாட்ட மறந்துடுது. பெட்டி நின்ன பிறகுதான் ஞாபகம் வந்து மாட்டுவேன்."

எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. நான் இருக்கும்போது மட்டும் ஏன் பிடுங்குவதில்லை என்று கேட்டேன். "நீ இருந்தா வாய் மூட மாட்டியே. அப்ப கேக்கணும்னே தோணாது" என்றாள். என் வாழ்நாளில் என் வாய்க்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

உன் அப்பா தூக்கத்தில் போனார் என்று உனக்குச் சொன்னோம். அது பொய் இல்லை. ஆனால் அன்றைக்கு அவள் சொன்னதை எனக்கும் அதுவரை சொன்னதில்லை. அவர் படுத்த படுக்கையான நாளிலிருந்து அவள் முன்னறையில்தான் பாய் போட்டாள், கதவை ஒரு சாண் திறந்து வைத்து. மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். கொஞ்சம் மாறினாலும் எழுந்து போவாள். காய் நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் ஒரு காது அங்கேயே. அன்று மத்தியானம் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அரைத்து முடித்து நிறுத்தினாள். நிறுத்தின பிறகு வீடு ரொம்ப அமைதியாக இருந்ததாம். "எவ்வளவு நேரமா அப்படி இருந்துச்சுன்னு தெரியலடா" என்றாள். டீயில் ஆடை படர்ந்துவிட்டது. நான் அதைக் குடித்தேன்.

மறுநாள் நான் ஒரு மாபெரும் பொறியியல் காவியத்தை நிகழ்த்தினேன். யாராவது வீட்டுக்குள் கட்டிலுக்கடியில் பம்ப்செட் வைப்பார்களா? மோட்டாரின் இடம் வெளியே. இத்தனை வருடத் தொழிலில் இந்தச் சின்ன விஷயம் எனக்குத் தோன்றவில்லை பார். முன்னறைச் சுவருக்கு அந்தப் பக்கம் சாமான் போடும் அறை இருக்கிறதே, அதில் பழைய பெட்டிகளை ஒதுக்கி, ஜன்னலோரமாக ஒரு பலகை அடித்தேன். சரிபண்ணிடலாம் நீளமான கேபிள்கள் கொண்டுவந்தார். டிரில் போட்டுச் சுவரைத் துளைத்தேன். அந்தச் சத்தத்தில் மூன்று ஊர்களில் பூகம்பம் என்று ஓடினார்கள். உன் அம்மா முன்கூட்டியே தெருமுனைக்குப் போய் நின்றுகொண்டாள். போகுமுன் தூசி போகாமலிருக்க உன் அப்பா அறைக் கதவை அவளே இழுத்துச் சாத்தினாள். அது சாத்தியிருந்து நான் பார்த்தது அன்றுதான்.

இப்போது பெட்டி சாமான் அறையில் இருக்கிறது. திரையும் கீபோர்டும் மட்டும் இந்தப் பக்கம். சுவிட்சைப் போட்டபோது அவளுக்கே சந்தேகம், "ஓடுதாடா?" என்றாள். சாமான் அறைக் கதவைத் திறந்து காட்டினேன். விசிறி தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. மூடினால் ஒரு சத்தமும் இல்லை. சூடு ஏறவில்லை. அந்தக் கல்யாண மாப்பிள்ளைக்கு இன்னொரு கண்ணும் வந்துவிட்டது; பார்த்தால் சாதுவான மனிதர். ஸ்டூடியோக்காரர் வேலை பிடித்துப்போய் இன்னொரு கட்டு அனுப்பியிருக்கிறார். மழை இன்னும் தொடங்கவில்லை. ஒப்பந்தப்படி உன் அம்மா ஜெயித்துவிட்டாள் என்று சாட்சி என்ற முறையில் இதன்மூலம் அறிவிக்கிறேன்.

அன்று சுவரைத் துளைத்து முடித்ததும், அவள் தெருமுனையிலிருந்து திரும்புவதற்குள், எனக்கும் அத்தானுக்கும் இருந்த கணக்கைத் தீர்த்துவிடலாம் என்று அவர் அறைக்குப் போனேன். சிங்கம் போல நடுவில் நின்று, அத்தான், இனிமேல் இந்தப் பெட்டியைத் தொட்டீங்கன்னா நடக்கிறதே வேற என்று கர்ஜித்தேன். பயந்துபோய்க் கட்டில் நான்கு அங்குலம் நகர்ந்தது. வெளியே வந்து, கதவை அவள் வைக்கிற மாதிரி ஒரு சாண் விட்டு இழுத்துவைத்தேன். அதன் கீல் முனகும், உனக்கு நினைவிருக்கும். சத்தம் வராமலிருக்கக் கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து மெதுவாக நகர்த்தினேன்.

மார்தட்டிக்கொண்டு முடித்திருக்க வேண்டிய கடிதம் இது. முடியவில்லை. முன்பெல்லாம் அந்த வீட்டில் விசிறிச் சத்தமாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை. நாள் முழுக்க அவள் அந்தப் பக்கம் காது கொடுத்துக்கொண்டே இருக்கலாம். நான் பழுதைச் சரிசெய்தேனா, அது வசதியாக உட்கார இடம் பண்ணிக் கொடுத்தேனா என்று எனக்கே புரியவில்லை. தினமும் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறேன். எனக்கும் வாய் வலிக்கும் என்பதை இப்போதுதான் கண்டுபிடித்தேன்.

நீ கடைசி நாட்களில் வர முடியாமல் போனதைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை. நானும் பேசவில்லை. இந்த வரியைப் படிக்காமல் தாண்டிவிடு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வா. அவளை அழைத்துப் போக வராதே, ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். சும்மா வா. வந்து அந்த அறையில், அந்தக் கட்டிலில், நீ படு. நீ குறட்டை விடுவாய், மறுக்காதே, உன் சின்ன வயதில் நம் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் பாதி ராத்திரியில் கிளம்பிப் போனது எனக்கு நினைவிருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டு அவள் முன்னறையில் கொஞ்சம் தூங்கட்டும். கதவு திறந்தேதான் இருக்கும்.

உனக்கு எல்லா நலமும் கூடி வரட்டும். நெஞ்சில் சளி கட்டாமல் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
காயில் கட்டும் கலையின் கடைசிச் சக்கரவர்த்தியும் உன் அம்மாவின் வாயாடித் தம்பியுமான,
உன் தாய்மாமன்.

பி.கு: உன் அம்மாவைப் பற்றி எழுதியதற்கெல்லாம் நான் பொறுப்பு. என்னைப் பற்றி எழுதியதற்கு யாரும் பொறுப்பில்லை. காகம் பொசுங்கவில்லை. சரிபண்ணிடலாம் என் தோளில் சாய்ந்து அழவில்லை, சிரித்தார். அந்த அறைக்குள் நான் கர்ஜிக்கவும் இல்லை, நிலைப்படி தாண்டவே இல்லை. கதவை மட்டும் தூக்கிப் பிடித்துத்தான் நகர்த்தினேன். அது உண்மை.